காயப்பட்டதைத் தூக்கி வரும் எறும்பு



நீதிமொழிகள் 6-ம் அதிகாரத்தில் சாலொமோன் ராஜா சோம்பேறியை எறும்பிடம் பாடம் படிக்க அனுப்புகிறான். நானும் அந்தப் பகுதியை எடுத்துப் பலமுறை பிரசங்கித்திருக்கிறேன். சீக்கிரம் எழும்புங்கள், ஜெபியுங்கள், உழையுங்கள் என்பதோடு முடித்துவிடுவேன். போன மாதம் வாலிபர் கூட்டத்துத் தம்பி ஒருவன் ஒரு கட்டுரையைக் கொண்டுவந்தான். "பாஸ்டர், எறும்பு ஆஸ்பத்திரி நடத்துது பாருங்க" என்றான். சிரித்துக்கொண்டேதான் வாங்கினேன்.

ஆப்பிரிக்காவில் மட்டாபெலே என்ற எறும்பு உண்டு. கரையான்தான் அதற்கு ஆகாரம். படையாகப் புறப்பட்டுப் போய்க் கரையானோடு சண்டை போடும். சண்டையில் கால் போனவை கீழே கிடக்கும். ஐவரி கோஸ்ட் நாட்டின் கொமோயே தேசியப் பூங்காவில் எரிக் ஃபிராங்க் என்ற ஜெர்மானியர் இவற்றைக் கவனித்து 2017-ல் எழுதினார். அடிபட்ட எறும்பு ஒரு வாசனையை விடுகிறது. மற்றவை வந்து அதை வாயில் தூக்கிப் புற்றுக்குக் கொண்டுபோகின்றன. அங்கே காயத்தை நக்கிச் சுத்தம் செய்கின்றன. அப்படிச் செய்ய விடாமல் பிரித்து வைத்தபோது 24 மணி நேரத்தில் 100-க்கு 80 செத்தன. கவனிக்கப்பட்டவற்றில் 10 மட்டுமே. காயத்தில் கிருமி ஏறிவிட்டால், தங்கள் உடம்பிலுள்ள ஒரு சுரப்பியிலிருந்து மருந்தெடுத்துத் தடவுகின்றன என்று 2023-ல் கண்டார்கள். பிழைத்தவை மீதிக் கால்களோடு மறுபடியும் சண்டைக்குப் போகின்றன. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்!

2024-ல் இன்னொன்றும் வெளிவந்தது. அமெரிக்காவின் ஃபுளோரிடாவிலுள்ள ஒரு எறும்பு, கூட்டாளிக்குத் தொடையில் காயம் என்றால் அந்தக் காலையே கடித்து எடுத்துவிடுகிறது. 40 நிமிஷத்துக்கு மேலாகுமாம். உயிர் பிழைக்கட்டும் என்று கால் போகிறது. நம் சபைகளில் காலை விட்டுவிட்டு ஆளையே வெட்டிவிடுகிறோம்.

எறும்புக்கு அன்பு இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. ஆராய்ச்சி செய்தவர்களும் சொல்லவில்லை. ஒன்று பிழைத்தால் கூட்டத்துக்கு லாபம், அவ்வளவுதான். லாபத்துக்காக எறும்பு செய்வதை, இரத்தத்தால் மீட்கப்பட்ட நான் செய்யவில்லையே என்றுதான் ஆவியானவர் என்னை உணர்த்தினார்.

நம் சபையில் தபேலா வாசித்த சகோதரனைப் பழைய விசுவாசிகள் அறிவீர்கள். தொழிலில் நஷ்டம் வந்து மறுபடியும் குடியில் விழுந்தார். ஒரு ஞாயிறு வாசனையோடு வந்தபோது எல்லார் முன்பாகவும் அவரை மேடையிலிருந்து இறக்கினேன். அடுத்த வாரம் பின்மாற்றத்தைப் பற்றிப் பிரசங்கம். பெயர் சொல்லவில்லை, யாரென்று எல்லாருக்கும் தெரிந்தது. மூன்று வருஷமாயிற்று. அவர் மனைவி ஒருதரம் வந்து, "அவரு வரமாட்டேங்கிறாரு பாஸ்டர், நீங்களாவது வந்து பாருங்க" என்று அழுதார்கள். "ஜெபிக்கிறோம்மா" என்று அனுப்பிவிட்டேன். அவர் இருக்கும் தெருவழியாய்ப் போவதையும் விட்டுவிட்டேன்.

அந்தக் கட்டுரையில் ஒன்று என்னைக் குத்தியது. அஞ்சு கால் இழந்து கிடக்கும் எறும்பு, தூக்க வருகிறவைகளைத் தூக்கவிடாமல் உதறுமாம். அவையும் விட்டுவிட்டுப் போய்விடுமாம். "அவரே வரமாட்டேன் என்கிறாரே" என்று நானும் அதைத்தான் செய்தேன். எறும்புக்கு அது தகும். எசேக்கியேல் 34-ம் அதிகாரம் 4-ம் வசனத்தை முழங்காலில் நின்று வாசித்துப் பாருங்கள். முறிந்ததைக் கட்டாத மேய்ப்பனைக் கர்த்தர் கணக்குக் கேட்கிறார். ஆடு உதறியதா என்று அங்கே கேட்கவில்லை.

போன வியாழக்கிழமை உபவாச ஜெபம் முடிந்ததும் போனேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "என்னை மன்னிச்சிடுங்க பிரதர்" என்றேன். வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "தபேலாவ வித்துட்டேன் பாஸ்டர்" என்றார். சகோதரி டீ கொண்டுவந்தார்கள். குடித்தோம். ஜெபிக்கட்டுமா என்று கேட்டதற்குத் தலையசைத்தார்.

வரும் வியாழனும் போகிறேன். மூப்பர் இரண்டுபேர் கூட வருகிறார்கள். வர விரும்புகிறவர்கள் மாலை 6 மணிக்கு ஆலயத்துக்கு வாருங்கள். பழையதைக் கிளறுகிறவர்கள் தயவுசெய்து வீட்டிலிருந்தே ஜெபியுங்கள்.