காண்பவரின் குறையை அளக்கும் ஒளி

ஒரு கருவி பிறழக் காட்டும்போது, அப்பிறழ்ச்சியை அக்கருவியே அறிந்துகொள்ள முடியுமா என்னும் வினா வானியலுக்கும் சமய மெய்யியலுக்கும் பொதுவானது. தொலைவிலுள்ள விண்மீன் புள்ளியாகவே தோன்ற வேண்டும். ஆயினும் காவலூரில் 1986 முதல் இயங்கிவரும் 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி போன்ற பெருங்கருவியிலும், வளிமண்டலக் கொந்தளிப்பு ஒளியைக் கலைப்பதால், அது திட்டாகப் பரவுகிறது. கலைந்த ஒளியலையின் வடிவை உணரியால் அளந்து, அதற்கு ஈடாக ஆடியொன்றின் பரப்பை இடைவிடாது மாற்றிச் சீர்செய்யும் முறை தகவமை ஒளியியல் எனப்படும்.

காற்றற்ற விண்வெளியிலும் இம்முறை தேவைப்படுகிறது. ஏனெனில் வெப்ப மாற்றத்தால் தொலைநோக்கியின் ஒளியியல் உறுப்புகள் நுண்ணளவில் பிறழ்ந்தாலும், சூரியனைவிட ஏறத்தாழ 1,000 கோடி மடங்கு மங்கலான புவி போன்றதொரு கோள், தன் விண்மீனின் சிதறொளிக்குள் மறைந்துவிடும். இதற்கான உருமாறும் ஆடியைச் சோதிக்க மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் உருவாக்கிய டெமி என்னும் சிறு செயற்கைக்கோள், 2020 ஜூலையில் பன்னாட்டு விண்வெளி நிலையத்திலிருந்து விடுவிக்கப்பட்டது. அதன் ஆடியை 140 நுண்ணியக்கிகள் அசைத்தன. வடிவம் அறிந்த லேசர் ஒளியொன்று அளவுகோலாக உள்ளேயே வைக்கப்பட்டிருந்தது.

தன் பிறழ்ச்சியைத் தானே அறிய இயலாத இந்நிலையைச் சைவ மெய்யியலும் பேசுகிறது. இருள் பொருள்களை மறைத்தாலும் தன்னையாவது காட்டிக்கொள்கிறது. ஆணவ மலமோ பிறவற்றை மறைப்பதோடு தன் இருப்பையும் மறைத்துவிடுகிறது என்று 14ஆம் நூற்றாண்டில் உமாபதி சிவாசாரியார் திருவருட்பயனில் வேறுபடுத்திக் காட்டினார். ஆணவம் என்பது உயிரின் அறிவை அநாதியாகவே மறைத்து நிற்கும் குற்றம். தொலைநோக்கி ஆடியின் பிறழ்ச்சியும் தன்னைப் பிறழ்ச்சியாகக் காட்டாமல், விண்மீனின் வடிவமே அதுதான் என்பதுபோல் தோன்றுகிறது. திருப்பூர் பின்னலாடை வட்டாரத்தில், சாயமேற்றிய துணியின் ஷேடைக் கண்மதிப்புக்கு மட்டும் விட்டுவிடாமல், ஒப்புதல் பெற்ற மாதிரித் துணியோடு லைட் பாக்ஸின் ஒளியில் ஒப்பிட்டுத் தேறுவதும் காண்பவருக்குப் புறம்பான அளவுகோலின் தேவையை உணர்ந்தே ஆகும்.

எனினும் ஆடிக்கும் ஆணவத்துக்குமான இவ்வொப்புமைக்கு எல்லை உண்டு. விண்மீன் எவ்வாறு தோன்ற வேண்டும் என்பதைப் பொறியாளர் முன்னரே அறிவார்; உயிருக்கு அத்தகைய முன்னறிவு இல்லை. ஆகவேதான் இறைவனே குருவாக வந்து உணர்த்த வேண்டும் என்கிறது மெய்கண்டாரின் சிவஞானபோதம். இக்கோட்பாட்டை ஏற்போரும் ஏலாதோரும் ஒப்பத்தக்க முடிவு ஒன்று உண்டு: தன் காட்சியைத் தனக்குப் புறம்பான அளவுகோலுக்கு உட்படுத்த மறுப்பவர், எத்துணைக் கூர்மையாகக் கண்டாலும், மெய்யைக் கண்டதாக உரிமை கோர இயலாது.