பலகையும் மரமும்

கார்னியடஸ் எழுப்பியதாகச் சொல்லப்படும் கேள்வி ஒன்று உண்டு. கப்பல் உடைந்து இருவர் நீரில். ஒருவரை மட்டுமே தாங்கும் பலகை. வலியவன் மற்றவனைத் தள்ளிவிடலாமா? கான்ட் வரை ஐரோப்பியச் சிந்தனை இந்தப் பலகையை விட்டபாடில்லை.

உவரியில் கேட்டால் முதலில் பலகையைப் பற்றித்தான் தகராறு வரும். கட்டுமரம் மூழ்காது. கயிற்றால் பிணைத்த மரங்களின் ஊடே அலை புகுந்து வெளியேறிவிடும். நீர் இறைக்கிற வேலை இல்லை. கவிழ்ந்தாலும் பற்றிக்கொள்ளலாம். அங்கே தட்டுப்பாடு இடத்துக்கு அல்ல, குடிநீருக்கு. கேள்வி நொடிகளிலிருந்து நாட்களுக்கு நகர்ந்துவிடுகிறது. நொடியில் தள்ளியவனுக்குத் தன்னைத் தெரியாது எனலாம். நாட்கணக்கில் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் தள்ளுவது வேறு காரியம். (மரங்கள் போய் ஃபைபர் வள்ளங்கள் வந்துவிட்டன, கேள்வி போகவில்லை.)

1884 ஜூலையில் மிக்னொனெட் என்ற சிறு கப்பல் தென் அட்லாண்டிக்கில் மூழ்கியது. படகில் தப்பிய நால்வரில் டட்லியும் ஸ்டீஃபன்ஸும் பார்க்கர் என்ற 17 வயதுப் பையனைக் கொன்றார்கள். மரண தண்டனை விதிக்கப்பட்டு, ஆறு மாதச் சிறையாகக் குறைந்தது. சட்டம் படித்தவர்கள் அதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கு உறுத்துவது நான்காமவன் ப்ரூக்ஸ். அவன் கொலைக்குச் சம்மதிக்கவில்லை, தின்றான். வழக்கில் சாட்சி சொன்னான்.

ஆனி மாதம், கச்சான் வலுத்திருந்த ஒரு நாள், உவரியிலிருந்து மணப்பாட்டுக்கு வள்ளத்தில் போனேன். கரையோரமாகத்தான். ஆனால் அலை எழும்பும்போது கரை வெறும் வதந்தி. பெரியதாழை தாண்டும்வரை எஞ்சினைப் பிடித்திருந்தவர் சொன்னது ஒன்றே ஒன்று: "சார், அசையாம இரிங்க." நான் அங்கே ஒரு பாரம். இரண்டு பேர் தங்கள் உடம்பால் கடலோடு வழக்காடிக்கொண்டிருக்க, என் அறம் முழுவதும் அசையாதிருப்பதில் அடங்கிப்போயிற்று. ப்ரூக்ஸின் இடம் அதுதான் என்று பட்டது. அது சௌகரியமான இடம். தீர்மானம் வேறொருவருடையது, கரை சேர்வது நமக்கும்.

2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல். எச்சரிக்கை எட்டுமுன் கடலுக்குப் போயிருந்த குமரிக் கரைக்காரர்கள் பலர் திரும்பவில்லை. அந்த வாரம் அலுவலகத்தில் ஒருவர், மீன் விலை ஏறிவிட்டதென்று குறைபட்டுக்கொண்டார். கெட்டவரல்ல, யாருக்கும் தீங்கு நினைக்காதவர். அவரை ப்ரூக்ஸோடு சேர்க்க எனக்குத் தயக்கமாக இருக்கிறது. ப்ரூக்ஸுக்குப் பசி இருந்தது, பையனின் பெயரும் தெரிந்திருந்தது.