‘அப்பா’ என்னும் சொல்



ஜெத்செமனித் தோட்டத்தில் நமது ஆண்டவர் தம் பிதாவை ‘அப்பா’ என்று அழைத்ததாக அர்ச். மாற்கு எழுதியிருக்கிறார். அர்ச். சின்னப்பரும் ரோமருக்கும் கலாத்தியருக்கும் எழுதிய நிருபங்களில் அதே சொல்லை வைத்திருக்கிறார். கேட்டவுடன் நமக்கு உள்ளம் பூரிக்கிறது: ஆண்டவர் வாயில் தமிழ்! சிலர் இதை மேடையில் முழங்குகிறார்கள். சிலர் கைப்பேசியில் ஊரெல்லாம் அனுப்புகிறார்கள். பக்தியை வளர்க்கிற பேச்சு மெய்யாயிருந்தாலென்ன, பொய்யாயிருந்தாலென்ன என்று கேட்பீர்களோ?

அது மெய்யல்ல. ஆண்டவர் பேசியது அரமேய மொழி. அதில் ‘அப்’ என்றால் தகப்பன். ஈற்றிலுள்ள ஆகாரம் ‘அந்த’ என்று சுட்டுகிற ஈறு என்பர். நம்முடைய அப்பாவோ, முருகன் முருகா ஆவதுபோல, அப்பன் என்பதன் விளி. மொழிகளின் மெய்யான உறவு வேறுவிதமாகத் தெரியும். நெய்வேலி நகரியத்தில் பக்கத்து வீட்டார் கன்னடக்காரராயிருந்தால் கேட்டுப்பாருங்கள்: நம் பால் அவர்களுக்கு ஹாலு, புலி ஹுலி, பத்து ஹத்து. வரிசையாக ஒரே முறையில் மாறி நிற்கும். ஒரு சொல் மட்டும் ஒத்தால் உறவாகாது. கொரியாவிலும் பிள்ளைகள் தகப்பனை ‘அப்பா’ என்றே கூப்பிடுகிறார்கள்.

இதன் காரணத்தை ரோமன் யாக்கப்சன் என்னும் மொழியறிஞர் 1960-ல் வெளியான கட்டுரை ஒன்றில் ஆராய்ந்தார். உதட்டை மூடித் திறந்தால் பகரமும் மகரமும் பிறக்கும். வாய் அகன்றால் ஆகாரம். குழந்தைக்கு முதலில் எட்டுகிற ஒலிகள் இவையே. பால் குடிக்கையில் வாய் அடைபட்டிருப்பதால் மூக்கு வழியே முனகல் வரும். ஆகவே பல மொழிகளில் மகரம் தாய்க்குச் சேர்ந்தது. ஆயினும் இது கட்டாயமன்று. ஜார்ஜிய மொழியில் ‘மாமா’ என்றால் தகப்பன், ‘தேதா’ என்றால் தாய்! நம் வீட்டில் மாமா யாரென்று சொல்லவேண்டியதில்லை. இலத்தீனில் ‘பாப்பா’ தந்தையைக் குறிக்கும்; நமது பாப்பரசர் என்ற பெயர் அங்கிருந்து வந்ததே. தமிழிலோ பாப்பா தொட்டிலில் கிடக்கிறது.

ஆக, மழலை ஒலியில் தனியாகப் பொருளில்லை. ‘என்னைத்தான் கூப்பிட்டாய்’ என்று ஓடிவந்து தூக்குகிறவரே அதற்குப் பொருள் தருகிறார். இந்த அருமையை விட்டுப் பொய்ப் பெருமையை நம் பிள்ளைகளுக்கு ஊட்டுவானேன்? நாளை உண்மை தெரிந்தால், நாம் சொன்ன மற்றதையும் அவர்கள் சந்தேகிக்கமாட்டார்களா?

நம் பண்ருட்டிக்கு அருகே திருவாமூரில் பிறந்த திருநாவுக்கரசரை, 7-ஆம் நூற்றாண்டில், சிறுவரான ஞானசம்பந்தர் ‘அப்பரே’ என்று அழைத்தாராம், பெரியபுராணம் சொல்லுகிறது. அவர்களுக்குள் இரத்த உறவில்லை, ஆனாலும் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. நம் முன்னோரும் இராயப்பர், சின்னப்பர், அருளப்பர் என்று அர்ச்சியசிஷ்டவர்களை அழைத்தார்கள். சூசையப்பரையும் அப்படியே. அவர் தம் இரத்தத்தில் பிறவாத பாலகனை வளர்த்த தச்சர். நாசரேத்து வீட்டில் அந்தப் பாலகன் அவரைக் கூப்பிட்டதும் அதே அரமேயச் சொல்லாலேயே இருந்திருக்கும்.