பேசுவது யார்?

பிட்யூட்டரி என்ற பெயரே ஒரு பழைய பிழையின் எச்சம். லத்தீனில் அதன் வேர்ச்சொல் கபத்தைக் குறிக்கும். மூளையில் ஊறும் கபத்தை மூக்குக்கு வடித்துவிடும் உறுப்பு என்று கேலன் முதல் வெஸாலியஸ் வரை நம்பினார்கள். கபம் அங்கிருந்து வருவதில்லை என்பது 17ஆம் நூற்றாண்டில் தெளிவாயிற்று. பெயர் மட்டும் நின்றுவிட்டது. பட்டாணியளவே உள்ள இந்தச் சுரப்பிதான் தைராய்டையும் அட்ரினலையும் சூலகத்தையும் ஏவுகிறது. பால் சுரக்கச் செய்வதும் இதுவே.

என் மனைவிக்கு இதில் 7 மில்லிமீட்டரில் ஒரு கட்டி. புற்று அல்ல. புரோலாக்டினை மிகையாகச் சுரப்பதால் மாதவிலக்கு நின்றுவிட்டது. வழிகள் மூன்று. கேபர்கோலின் மாத்திரை, வாரம் இருமுறை: பெரும்பாலோருக்குக் கட்டி சுருங்கும். ஆனால் ஆண்டுக்கணக்கில் சாப்பிட வேண்டும். நிறுத்தினால் பலருக்குத் திரும்ப வருகிறது. மூக்கு வழியாக அறுவை: கட்டி சிறியதாக இருந்து, கைதேர்ந்தவர் செய்தால், அடியோடு தீர வாய்ப்பு அதிகம். சுரப்பியே பழுதுபட்டு ஆயுளுக்கும் ஹார்மோன் மாத்திரை என்று ஆகிவிடும் அபாயமும் உண்டு. மூன்றாவது, சும்மா விட்டுக் கவனிப்பது: இந்த அளவுக் கட்டிகள் பெரும்பாலும் வளர்வதில்லை. ஆனால் மாதவிலக்கு நின்ற உடலில் எலும்பு தேய்கிறது, பிள்ளைப்பேறும் தள்ளிப்போகிறது.

நான்கு மாதம் மாத்திரை சாப்பிட்டாள். குமட்டல், தலைசுற்றல், எதிலும் ஒட்டாத மனம். இனி வேண்டாம், அறுவைதான் என்றாள். இரண்டுமே தகும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். நான் மாத்திரைக் கட்சி. என் அக்கா சொன்னாள்: “அவ பேசலைடா. தலைக்குள்ள இருக்கிற கட்டி பேசுது.” என் மனைவி கேட்டாள்: “மாத்திரையே சாப்பிடறேன்னு சொல்லியிருந்தா யார் பேசினதா சொல்லியிருப்பீங்க, அண்ணி?”

நான் வேலை பார்க்கும் வங்கியில், பணம் கட்ட வருகிறவரின் கையெழுத்தை யாரும் ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை. எடுக்க வருகிறவரின் கையெழுத்தைத்தான் மாதிரியோடு வைத்துப் பார்க்கிறோம். வங்கிக்கு அது நியாயம். நஷ்டம் எடுப்பதில்தான் நேரும். நோயாளியிடம் அந்த விதி செல்லாது. அவளுடைய சம்மதமும் மறுப்பும் ஒரே மூளையிலிருந்துதான், ஒரே சுரப்பியின் ஆளுகையில்தான் வருகின்றன. ஒன்றை அவளுடையது என்றும் மற்றதைக் கட்டியினுடையது என்றும் பிரிப்பது வைத்தியம் அல்ல, நம் விருப்பம். விமர்சனத்தில் இது நமக்குப் பழகிய காரியந்தான். பிடித்த கவிதை என்றால் கவிதையைப் பேசுகிறோம். பிடிக்காவிட்டால் கவிஞனின் மனச்சிக்கலைத் தேடுகிறோம்.

ரசாயனம் சித்தத்தைத் தொடுவதே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. இதே மாத்திரை சிலரிடம் அடக்கமுடியாத சூதாட்ட வெறியையும் செலவழிக்கும் வெறியையும் கிளப்பியிருப்பது மருத்துவம் அறிந்த விஷயம். கட்டி பேசுமானால் மாத்திரையும் பேசும். கத்தி என்றதும் என் வயிற்றில் புளியைக் கரைக்கிறதே, அந்தப் பயமும் பேசும். அப்போது கார்ட்டிஸாலைச் சுரக்கும்படி அட்ரினலை ஏவுவது என்னுடைய பிட்யூட்டரி. சுரப்பி இல்லாத நீதிபதி எங்கள் வீட்டில் யாரும் இல்லை. கட்டியற்ற அவளைத்தான் கேட்பது என்றால், கட்டியை எடுத்த பிறகே எடுக்கலாமா என்று கேட்கமுடியும்.

ஆகவே ஒரு முடிவு எங்கிருந்து பிறந்தது என்பது உரைகல் ஆகாது. விளைவுகள் தெரிந்து சொல்கிறாளா, நாள் சென்றும் அதே முடிவு நிற்கிறதா என்றுதான் பார்க்கமுடியும். மாத்திரையை நிறுத்தி இரண்டு மாதம் கழித்தும் அதையே சொன்னாள். அபாயங்களை மருத்துவரிடம் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னாள். மோப்பம் குறையலாம் என்பது அவர் பட்டியலில் கடைசியில் இருந்தது. இவள் அதை முதலில் வைத்துக் கேட்டாள். கேட்டபின்தான் தேர்ந்தாள். இந்தச் சோதனையைச் சம்மதிக்கிறவர்களுக்கும் வைக்கவேண்டும். அவர்களில் எத்தனை பேர் தேறுவார்கள் என்று யாரும் பார்ப்பதில்லை.

மற்றவர் தீர்மானிக்க வேண்டிய வேளையும் உண்டு. கட்டிக்குள் திடீரென்று ரத்தம் கசிந்து, பார்வை மங்கி, நினைவு தப்புகிறபோது கேட்பதற்கு ஆள் இல்லை. ஆள் இருக்கும்போது அந்த வேளையை முன்கூட்டியே கொண்டுவந்துவிடக் கூடாது. மயக்கத்தில் இருந்த ஒரு பெண்ணின் கர்ப்பப்பையைத் தாயின் சம்மதம் பெற்று அகற்றிய வழக்கில், 2008இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சம்மதம் செல்லாது என்றது. வயதும் தெளிவும் உள்ள அவளே சம்மதிக்க வேண்டியவள். தாய்க்கு இல்லாத உரிமை கணவனுக்கு எங்கிருந்து வரும்?

எனக்கு மிஞ்சுவது பேச்சு. என் பயத்தைச் சொல்லலாம், வாதாடலாம், கெஞ்சவும் செய்யலாம். அவள் வாதத்துக்குப் பதில் வாதம் சொல்லும்வரை எதிரில் இருப்பவள் அவள்தான். வாதத்தை நோய்க்குறியாகப் படிக்க ஆரம்பித்தால் அவள் இருக்கும்போதே அவளை இல்லாமல் ஆக்குகிறோம். அறுவை தவறாகவும் முடியலாம். அப்போதும் அது அவள் எடுத்த முடிவு என்று சொல்ல எனக்கு மனம் வரவேண்டும். கட்டி எடுத்த முடிவு என்று அல்ல.