செவியின் சாட்சியம்

சங்கீதம் கேட்பதற்காக லட்சக்கணக்கில் செலவழித்துக் கருவி வாங்குகிறவனைப் பார்த்துச் சிரிப்பது சுலபம். பணக்காரப் பைத்தியம் என்று ஒரு வார்த்தையில் தீர்ப்புச் சொல்லிவிடலாம். ஆனால் அவன் சொல்வதைச் சற்று நின்று கேட்டால், அது நமக்கு அந்நியமான பேச்சல்ல என்பது புலப்படும். 'எனக்கு வித்தியாசம் கேட்கிறது' என்கிறான் அவன். கவிதையைப் பற்றி நாம் எழுதுகிற விமர்சனங்களில் பாதிக்கு மேல் இதே வாக்கியத்தின் மீதுதான் நிற்கின்றன. ரசனையின் பெயரால் தரப்படும் சாட்சியம் இது. இதைக் குறுக்கு விசாரணை செய்ய முடியுமா? சாட்சி சொல்கிறவனின் பொறுப்பு என்ன?

முதலில் விஷயத்தின் ஸ்தூலமான பக்கம். இன்று சங்கீதம் அநேகமாக எண்களாகத்தான் பதிவாகிறது. 1982ல் ஸோனியும் பிலிப்ஸும் சந்தைக்குக் கொண்டுவந்த காம்பாக்ட் டிஸ்க், ஒலியை வினாடிக்கு 44,100 தடவை அளந்து, ஒவ்வொரு அளவையும் 65,536 படிகளில் ஒன்றாகக் குறித்துவைக்கிறது. இந்த எண்களை மறுபடி மின்னலையாக்கி ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்புவது டி.ஏ.ஸி. என்ற கருவியின் வேலை. செல்போனுக்குள்ளும் ஒன்று இருக்கிறது. ஆயிரம் இரண்டாயிரம் ரூபாய்க்குத் தனியாகவும் கிடைக்கிறது. பல லட்சத்துக்கும் கிடைக்கிறது.

எண்கள் என்றதும் அலை படிக்கட்டாக உடைந்துவிடுகிறது, இடையில் இருந்தது தொலைந்துபோகிறது என்று ஓர் எண்ணம் பரவலாக இருக்கிறது. தவறான எண்ணம். நைக்விஸ்ட் 1928லும் ஷானன் 1949லும் எழுதிய கட்டுரைகளிலிருந்து நமக்குக் கிடைப்பது இது: அலையிலுள்ள மிக உயர்ந்த அதிர்வெண்ணைப்போல் இரு மடங்குக்கு மேல் அளந்துவிட்டால், அந்த எண்களிலிருந்து அலையை அப்படியே மீட்டுவிடலாம். மனிதச் செவியின் எல்லை வினாடிக்குச் சுமார் 20,000 அதிர்வுகள், அதுவும் இளமையில். உயர்ந்த கருவியை வாங்கும் வசதி வந்து சேரும் வயதில் அந்த எல்லை இறங்க ஆரம்பித்திருக்கும். நடைமுறைக் கருவியில் இரைச்சலும், காலக் கணக்கில் சிறு பிசகும் சேரும் என்பது உண்மை. ஆனால் ஒழுங்காகச் செய்த மலிவான கருவியிலேயே இவை பெரும்பாலும் செவிக்கு எட்டாத ஆழத்துக்குப் போய்விட்டன.

2007ல் மேயர், மோரன் என்ற இருவர் உயர்நுணுக்கப் பதிவுகளை அப்படியே ஒரு தடவையும், காம்பாக்ட் டிஸ்க்கின் அளவுக்குச் சுருக்கி ஒரு தடவையும், எது எதுவென்று சொல்லாமல் கேட்கவைத்தார்கள். 554 சோதனைகளில், காசைச் சுண்டிப் போட்டால் வருவதற்கு மேல் விடை தேறவில்லை. 2016ல் ஜோஷுவா ரைஸ் 18 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், சரியான விடை 52 சதவீதத்தைக் கொஞ்சம் தாண்டிற்று. சோதிக்கப்பட்டது பதிவின் நுணுக்கம். தனியொரு கருவியின் தரமல்ல. என்றாலும் கருவியின் புகழ் பாடுகிறவர்கள் தங்களுக்குக் கேட்பதாகச் சொல்வதும் இந்த வகை நுணுக்கத்தைத்தான். வித்தியாசம் அறவே இல்லை என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனால் 'திரை விலகிற்று', 'பாடகர் அறைக்குள் வந்துவிட்டார்' என்ற பாஷைக்கு அந்தச் சொற்ப சதவீதத்தில் இடமில்லை.

இத்தோடு முடிந்துவிட்டால் இது விஞ்ஞானச் செய்தி. முடியவில்லை. அவன் சந்தோஷப்பட்டானே, அது பொய்யா?

2022 ஜூலையில் அமெரிக்காவில் ஒரு விஷயம் அம்பலமாயிற்று. மூல ஒலிநாடாவிலிருந்து நேராக வெட்டியவை என்று நம்பி வாங்கப்பட்ட மொபைல் ஃபிடெலிட்டி கம்பெனியின் இசைத்தட்டுகள் பலவற்றில், 2011 முதலே இடையில் எண்பதிவு ஒரு கட்டமாக இருந்திருக்கிறது. எண்ணாக்கினால் சங்கீதத்தின் உயிர் போய்விடும் என்று பேசிவந்தவர்களில் பலர், உயிருள்ள ஒலிக்கு உதாரணமாகக் காட்டியது இந்தத் தட்டுகளைத்தான். கோபம், வழக்கு, நஷ்ட ஈடு எல்லாம் தொடர்ந்தன.

கவுண்டரில் பணம் எண்ணிப் பிழைக்கிற எனக்கு இதைக் கள்ள நோட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கத் தோன்றுகிறது. பிடிபடுகிறவரை கள்ள நோட்டும் அரிசி வாங்கித் தரும். பிடிபட்ட கணத்தில், கடைசியாகக் கையில் வைத்திருந்தவனுக்கு நஷ்டம். ஆனால் இசைத்தட்டு விஷயத்தில் ஒப்புமை ஓரிடத்தில் முறிகிறது. கேட்ட சங்கீதம் கேட்டதுதான். அதை யாரும் பறிமுதல் செய்ய முடியாது. செல்லாமற்போனது ஆனந்தமல்ல, அதன் மேல் அச்சிட்டிருந்த வாக்குறுதி. அதிலும் இரண்டு வாக்குறுதிகள். ஒன்று விற்றவனுடையது, அதை வழக்கு பார்த்துக்கொண்டது. மற்றது கேட்டவன் தனக்கே கொடுத்துக்கொண்டது: 'பிறர் செவிக்கு எட்டாதது என் செவிக்கு எட்டுகிறது' என்பது. அதற்கு நஷ்ட ஈடு கிடையாது.

அப்படியானால் புதுக் கருவி வந்ததும் சங்கீதம் புதிதாகக் கேட்பது எப்படி? ஒரு லட்சம் கொடுத்தவன் அன்று மாலை விளக்கைக் குறைத்து, கதவைச் சாத்தி உட்காருகிறான். வருஷக்கணக்கில் வேறு வேலைகளுக்கிடையே ஓடிக்கொண்டிருந்த ஆலாபனையை முதல் தடவையாக முழுசாகக் கேட்கிறான். தம்புராவின் நாதம் கேட்கிறது. பாடகர் மூச்சு வாங்குவது கேட்கிறது. இவை பதிவில் எப்போதும் இருந்தவை. இப்போது சேர்ந்தது கவனம். வரவு உண்மையானது; எழுதப்பட்ட கணக்குதான் தவறு. கவனத்தின் பெயரில் வைக்கவேண்டியதைக் கருவியின் பெயரில் வைத்துவிட்டான்.

ஜார்ஜ் டவுனில் வீணை தனம்மாள் வீட்டு வெள்ளிக்கிழமைகளைப் பற்றிப் பலரும் சொல்லியிருக்கிறார்கள். மெலிந்த நாதம், சிறு சப்தத்தையும் அவர் பொறுக்கமாட்டாராம். அங்கே ஒலியைப் பெருக்கக் கருவி இல்லை, கேட்கிறவர்களின் மௌனம் மட்டும்தான்.

இலக்கியத்துக்கு வருவோம். ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ் கேம்பிரிட்ஜ் மாணவர்களிடம் கவிஞர் பெயரை மறைத்துக் கவிதைகளைக் கொடுத்துக் கருத்துக் கேட்டதன் விளைவு 1929ல் வந்த அவருடைய புத்தகத்தில் இருக்கிறது. டன்னும் ஹாப்கின்ஸும்கூட அடிபட்டார்கள். இதுவும் கண்ணைக் கட்டி நடத்திய சோதனைதான். நமது வட்டத்தில் இதே காரியத்தை ஒரு தடவை செய்துபார்த்தால், எத்தனை மேதைகள் மிஞ்சுவார்கள், எத்தனை விமர்சகர்கள் மிஞ்சுவார்கள்?

ஒரு ஆட்சேபம் உண்டு. ஒரு கவிதை நமக்குள் இறங்கப் பத்து வருஷம் ஆகலாம். பத்து நிமிஷச் சோதனையில் பிடிபடாதது பொய்யாகிவிடுமா? ஆகாது. ஆனால் சோதனைக்கு உட்படத் தயாராக இருப்பவனுக்குத்தான் இந்த ஆட்சேபத்தைச் சொல்ல உரிமை உண்டு. மற்றவர்கள் வாயில் அது ஒளிந்துகொள்ளும் இடமாகிவிடுகிறது. 'நான் நெகிழ்ந்தேன்' என்பது என்னைப் பற்றிய செய்தி. அதற்கு நிரூபணம் கேட்க யாருக்கும் அதிகாரமில்லை. 'இது அதைவிட உயர்ந்தது' என்பது பொருளைப் பற்றிய செய்தி. அதற்கு நான் பதில் சொல்லியாக வேண்டும். முதல் வாக்கியத்தின் நேர்மையை இரண்டாவதற்குக் கடன் வாங்குவதுதான் ரசனையில் நடக்கும் மோசடி.

இதனால் பாதிக்கப்படுகிறவன் யார்? பணம் கொடுத்தவனல்ல. ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார அவனுக்கு ஒரு லட்சம் தேவைப்பட்டால், அது அவன் செலவு. பாதிக்கப்படுகிறவன், மலிவான இயர்போனில் ஒரு ராகத்தைக் கேட்டுக் கலங்கிநிற்கும் பையன். 'நீ கேட்டது சங்கீதமே அல்ல' என்று அவனிடம் சொல்லப்படுகிறது. தனக்கு நேர்ந்ததை அவன் சந்தேகிக்கத் தொடங்குகிறான். 'உனக்கு இன்னும் பிடிபடவில்லை' என்று நாம் வாசலிலேயே திருப்பி அனுப்பிய வாசகர்களும் இவனுடைய கூட்டத்தைச் சேர்ந்தவர்கள்தான்.

1930களின் தொடக்கத்தில் கொலம்பியா கம்பெனி பதிவு செய்த தனம்மாளின் தட்டுகள் இன்று எண்களாகவும் கிடைக்கின்றன. பல லட்ச ரூபாய்க் கருவியிலும் அந்தக் கீறல் இரைச்சல் இருக்கும். அதன் பின்னால் வீணையும் இருக்கும். அந்தப் பையனின் இயர்போனிலும் இரண்டும் இருக்கின்றன.