அடியவர் திருநாளும் இனத்தார் பெருநாளும்

ஒரு நாட்டார் ஓர் அடியவரைத் தம் நாட்டுக்குக் காவலராகக் கொண்டு, அவர் பெயராலே ஆண்டுதோறும் ஒரு நாளைக் கொண்டாடுதல் தகுமோ என்னும் வினா ஆங்கிலரிடையே பலகாலும் எழுவது. இது பிறர் மனைப் பேச்சென்று நாம் கழித்துவிடலாகாது. கார்த்திகைத் திங்கள் மக நட்சத்திரத்திலே ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலரவர்களின் குருபூசையை நம் பாடசாலைகளிலே நடத்தும் நமக்கும் இவ்வினா உரியதே. அந்நாள் சிவனடியார் ஒருவரை வழிபடும் நாளா? தமிழினத்தின் பெருமையை முழக்கும் நாளா? இரண்டுமாயின், எது முதல், எது பின்? மாணாக்கர் முன்னே நின்று பேசும் ஆசிரியர் இதனைத் தெளிதல் வேண்டும்.

முதற்கண் ஆங்கிலர் செய்தியை நோக்குவாம். அவர்கள் காவலராகக் கொண்டவர் புனித ஜோர்ஜ். அவர் திருநாள் ஏப்பிரல் 23. அவர் உரோமப் படைவீரரென்றும், டயோகிளீசியன் ஆட்சியிலே, ஏறக்குறைய 303ஆம் ஆண்டிலே, பலஸ்தீனத்து லித்தா நகரிலே தம் சமயத்தின் பொருட்டு உயிர் நீத்தாரென்றும் அவர் சமயத்தார் கூறுவர். அவர் இங்கிலாந்தைக் கண்டவரல்லர். அவர் காலத்திலே அப்பெயரால் ஒரு நாடும் இருந்ததில்லை. எட்மண்ட், எட்வேட் முதலாகத் தம் மண்ணிலே தோன்றிய அரசரடியவர் இருக்கவும், ஆங்கிலர் இப்புறநாட்டாரையே மேற்கொண்டனர். மூன்றாம் எட்வேட் மன்னன் 1348ஆம் ஆண்டையடுத்துத் தான் நிறுவிய வீரர் குழுவை அவர் பெயரோடு இணைத்தான். உயிர் நீத்த அடியவர் இவ்வாறு போர்க்கொடியின் அடையாளமாயினார். பிற்காலத்திலே நிறவெறி கொண்ட கூட்டத்தாரும் அக்கொடியை ஏந்தினமையால், நல்லோர் பலர் அதனைக் கையிலெடுக்கவும் கூசினர். இன்றும் அந்நாள் அங்கே பொது விடுமுறையன்று.

அயர்லாந்தார் கொண்டாடும் புனித பற்றிக்கும் அந்நாட்டிலே பிறந்தவரல்லர். அவர் பிரித்தானியர், இளமையிலே அயர்லாந்துக் கொள்ளையராற் கவரப்பட்டு அடிமையாக்கப்பட்டவர். தப்பி மீண்ட பின்னும், தம்மை அடிமைகொண்ட அம்மக்களுக்கே தொண்டுசெய்யத் திரும்பிச் சென்றார். மார்ச் 17ஆம் நாளாகிய அவர் திருநாள் 1903ஆம் ஆண்டு முதல் அங்கே பொது விடுமுறை. ஆகவே, அடியவர் நம் மண்ணிற் பிறந்தவரா என்பது வினாவன்று. அவர் செய்கை நம்மை எவ்வழியிலே செலுத்துகின்றது என்பதே வினா.

இனி, வேற்று நாட்டை விட்டு நம் அயலுக்கு வருவாம். கொழும்பு வாழ் நமக்கு அண்மையதாகிய களனி விகாரையிலே விபீஷணருக்கு ஒரு தேவாலயம் உண்டு. சிங்கள பௌத்தர் அவரைக் காவற்றெய்வமாகப் போற்றுவர். விபீஷணர் யாவர்? தம் தமையன் அறந் தவறியவிடத்து அதனை அவன் முகத்துக்கு நேரே எடுத்துரைத்தவர். அவன் கேளாதவிடத்து அவனைத் துறந்தவர். இராவணனைச் சிவபத்தனென்று போற்றுவார் நம்முட் பலர்; அவருட் சிலர் விபீஷணரைக் குலத்துரோகியென்று இகழ்தலும் உண்டு. அவ்வழக்கை இங்கே தீர்க்கப் புகுந்தேமல்லேம். ஒன்றை மாத்திரம் நோக்குமின்: இவ்விலங்கைத் தீவிலே காவலரென்று வணங்கப்படும் ஒருவர், தம்மவரென்பதற்காகத் தம்மவர் குற்றத்தை மறையாதவர். காவல் என்பது புறப்பகையைத் தடுத்தல் மாத்திரமன்று. உட்பகையாகிய நம் குற்றத்தைக் கடிதலும் காவலேயாம்.

ஆதலின், இதற்கு விடை இதுவேயென்பது எம் துணிபு: ஓர் அடியவர் தம்மைக் கண்டிக்க இடங்கொடுக்கும் மக்களே அவரைத் தம்மவரென்று கொண்டாடுதற்கு உரியர். அவ்வாறன்றி, அவர் பெயரைக் கொண்டு பிறரைக் கண்டிக்க மாத்திரம் விரும்புவோர் கொண்டாடுவது அடியவரையன்று, தம்மையேயாம்.

இவ்வளவைக்கோலை நாவலரவர்கள் சரித்திரத்தில் வைத்துப் பார்ப்பாம். அவர்கள் 1822ஆம் ஆண்டு நல்லூரிலே தோன்றினார்கள். உவெசிலியன் மிசன் பாடசாலையிலே கற்று, அங்கே கற்பித்து, பேர்சிவல் பாதிரியாருக்கு விவிலிய மொழிபெயர்ப்பிலே துணை நின்றார்கள். 1848ஆம் ஆண்டு வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார்கள். பாதிரிமாரோடு அவர்கள் செய்த வாதங்களை நம் மாணாக்கர் நன்கறிவர். 1872ஆம் ஆண்டிலே அவர்கள் வெளியிட்ட யாழ்ப்பாணச் சமயநிலை என்னும் நூல் சைவரைக் கடிந்ததென்பதை எத்துணை மாணாக்கர் அறிவர்? ஆகமத்துக்கு மாறாகக் கோயில் நடத்திய அதிகாரிகளையும், அறியாமையைப் பத்தியென்று எண்ணிய மக்களையும் அவர்கள் வாளா விட்டாரல்லர். 1877ஆம் ஆண்டுப் பஞ்சத்திலே பசித்தவருக்குக் கஞ்சி வார்ப்பித்ததும் அவர்கள் கண்ட சைவமே. பாதிரிமாரை வென்ற கதையை மாத்திரம் சொல்லி இவற்றை விடுவோமாயின், நாம் நடத்துவது குருபூசையாகாது.

ஈண்டு ஓர் ஆசங்கை எழும். “போரினாலே ஊரிழந்து வெள்ளவத்தையிலே வாழ வந்தவர் பிள்ளைகளும், மலையகத்தினின்று வந்து கொட்டாஞ்சேனையிலே வாழ்வோர் பிள்ளைகளும் நம் முன்னே இருக்கின்றார்கள். இவர்களுக்குத் தம் இனத்தைப் பற்றிய பெருமிதம் வேண்டாவோ?” எனின், வேண்டும். நாவலரவர்களுக்கு 1971ஆம் ஆண்டு இலங்கை அரசு முத்திரை வெளியிட்டதை அறிந்து பிள்ளைகள் மகிழ்க. ஆயின், தமிழரெல்லார்க்கும் அவரே காவலரென்று சாதிப்போமாயின், கிறித்தவத் தமிழன் எங்கே நிற்பான்? மிசன் மரபிலே தோன்றிய பாடசாலையிலே கிறித்தவத் தோழரோடு ஒரே வாங்கிலிருந்து தமிழ் கற்றவன் யான். அவர் தமிழ் என் தமிழிற் குறைந்ததன்று. மொழிப்பற்று யாவர்க்கும் பொது. குருபத்தி சைவர்க்கு உரியது. இரண்டனையும் ஒன்றாக்கினால் இரண்டும் கெடும். திருத்தொண்டர் வரிசையிலே அப்பாலும் அடிச்சார்ந்தார் என ஒரு திருக்கூட்டத்தார் எண்ணப்படுகின்றனர். தமிழ்நாட்டுக்கு அப்பாலும் தொகையிற் கூறிய காலத்துக்கு அப்பாலும் உள்ள அடியார் அவரென்பர். எல்லையிட்டு முடித்துவிடாமை நம் பெரியோர் கொண்ட நெறி.

பிறிதோர் ஆசங்கையும் உண்டு. அது மேலதினும் வன்மையுடையது. நாவலரவர்கள் தம் காலத்துச் சாதியாசாரத்தைக் கைவிட்டாரல்லர். அவர்கள் எழுத்திலே அது காணக்கிடக்கின்றது. 1968ஆம் ஆண்டிலே மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலிலே சைவரே சைவரை உட்புகவொட்டாது தடுத்தனர். 1969ஆம் ஆண்டிலே நாவலரவர்களின் திருவுருவச்சிலை கொழும்பினின்று ஊர்வலமாக நல்லூருக்குக் கொண்டுசெல்லப்பட்டது. முதலாண்டு வாயிலிலே தடுக்கப்பட்டவர் மறுவாண்டு ஊர்வலத்தைக் கண்டு என்ன நினைந்திருப்பர்? அறிவுடைய மாணாக்கன் இதனை வினாவுவான். அதற்கு விடை மறைப்பன்று. திருநீலகண்டர் குயவர், அதிபத்தர் பரதவர், கண்ணப்பர் வேடர், திருநாளைப்போவார் தில்லைக்குள்ளே செல்லும் நாளை எண்ணி ஏங்கியவர். இவர்களெல்லாரும் நம் கோயில்களிலே வணக்கம் பெறுகின்றனர். இவர்கள் வரலாற்றைப் பெரியபுராண வசனமாக எழுதி, 1852ஆம் ஆண்டிலே எளியோரும் படிக்க அச்சிட்டு உதவியவர் யாவர்? நாவலரவர்களே. தம் காலத்தின் குறையையும் கண்டிக்க வல்ல நூலை அவர்களே நம் கையிலே தந்து சென்றார்கள். அவர்கள் தந்த விளக்கினாலே அவர்கள் நடந்த வழியையும் பார்த்தல் குருநிந்தையன்று.

ஆகையால், ஆசிரியப் பெருமக்களே, குருபூசை நாளைக் கைவிடற்க. அதனை வெற்று முழக்கமாக்கவும் வேண்டா. அந்நாளிலே மூன்று செய்க. நாவலரவர்கள் சைவரைக் கடிந்த பகுதி ஒன்றை மாணாக்கரைக் கொண்டு வாசிப்பித்து, அது இன்று நமக்குப் பொருந்துமோவென்று அவர்களையே ஆராயச் செய்க. பசித்தவர்க்குச் சாதி சமயம் வினாவாது அன்னம் இடுக. நம் பாடசாலையிலோ கோயிலிலோ திருந்தவேண்டிய குற்றம் ஒன்றைக் கண்டு, அடுத்த குருபூசைக்கு முன் அதனைத் திருத்துவதாக உறுதிகொள்க. இவை செய்யுமிடத்து அது அடியவர் திருநாளாம். இனத்துக்கு உண்மைப் பெருமை தருவதும் அதுவேயாம். இவை இல்லாவிடத்து மாலையும் மேளமும் மாத்திரமே எஞ்சும்.

இவ்வாற்றால் நம் பிள்ளைகள் நல்வழி நிற்கத் திருவருள் துணைசெய்வதாக.