காலிப் பாக்கெட்டின் கணக்கு

1983இல் தனியே தொழில் தொடங்கியபோது கடலூர் சி.கே. ரங்கநாதன் கையில் இருந்தது 15,000 ரூபாய். ஷாம்புவைச் சிறு பாக்கெட்டில் அடைத்து விற்கும் யோசனை அப்பா சின்னிகிருஷ்ணனுடையது. மகன் அதை ‘சிக்’ ஷாம்புவாக ஊர் ஊராகக் கொண்டுபோனார். (பின்னாளில் கெவின்கேர் ஆனது அந்த நிறுவனம்தான்.) சீயக்காய்க்கும் சோப்புக்கும் பழகிய கிராமங்களில் ஒரு பையனை உட்காரவைத்து, தலையை அலசிக் காட்டி, முடியைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார்கள்.

அதைவிட எனக்குப் பிடித்தது காலிப் பாக்கெட் திட்டம். எந்தக் கம்பெனியுடையதானாலும் சரி, ஐந்து காலிப் பாக்கெட் கொடுத்தால் ஒரு சிக் இலவசம். போட்டியாளரின் வாடிக்கையாளர் எங்கே இருக்கிறார் என்று தேடவே வேண்டாம். அவரே கடைக்கு வந்து நின்றார். கொஞ்ச காலம் கழித்து விதி மாறியது: சிக் பாக்கெட் மட்டும்தான் செல்லும். சும்மா வாங்கிப் பழகியவர் இப்போது காசு கொடுத்து வாங்கினார். விற்பனை பல மடங்கு ஏறியது.

சலுகை கொடுப்பது பெரிய வித்தையா என்ன? தீபாவளிக்குத் தெருவெல்லாம் தள்ளுபடிதான். அதை எப்போது, எப்படி முடிப்பது என்பதில்தான் பல முதலாளிகள் தடுமாறுகிறார்கள். மாதக் கடைசியில் டார்கெட் எட்டவில்லை என்றால் விலையை இன்னும் குறைக்கிறார்கள். கடைக்காரரும் மாதக் கடைசிக்காகக் காத்திருக்கப் பழகிவிடுகிறார். திட்டு விழுவதோ விற்பனைப் பிரதிநிதிக்கு.